மண்டையில் அடிபட்ட பிறகு வரும் ‘மறுபடி விழுந்துவிடுவேனோ’ பயம்: மலைநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தலையில் அடிபட்டவர்களுக்காக எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் விளையாட்டு வீரர்களை மனதில் வைத்தவை. கொஞ்ச நாள் மைதானத்துப் பக்கம் போகாமல் இருந்துவிட்டு, பிறகு மெல்லப் பந்தைத் தொடலாம் என்று முடித்துவிடுவார்கள். இலங்கையின் மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்தில் இருப்பவருக்கு அது பாதிக் கதைதான். இங்கே லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலைத் தாண்டினாலே சரிவு. தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகப் படி, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக் களத்துக்கு ஏறப் படி, பஸ் நிற்கும் ரோட்டுக்கு இறங்க இன்னும் படி. மழைக்காலத்தில் அத்தனையிலும் பாசி. எந்த இடத்தில் சறுக்கி விழுந்தோமோ அதே இடத்தைக் கொஞ்ச நாளில் மறுபடி மிதித்துத்தான் ஆகவேண்டும்.

அதனால் இங்கே பயம் சீக்கிரம் வந்து ஒட்டிக்கொள்கிறது. காயம் ஆறியிருக்கும், டாக்டரும் பரவாயில்லை என்றிருப்பார், ஆனால் படியில் கால் வைக்கும்போது முழங்கால் நடுங்கும். பயம் தானாகப் போகட்டும், அப்புறம் வெளியே போகலாம் என்று காத்திருந்தால் அது போகாது. இன்னும் பெரிதாகும். பாதுகாப்பாக, அளவாக, படிப்படியாகப் போய்ப் பார்த்தால்தான் குறையும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் கீழே இருப்பது.

முதலில் உடம்பு, பிறகுதான் பயம்

அடிபட்ட முதல் 2 நாட்களில் பயத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது ஆபத்தான அறிகுறிகளை. தலைவலி நேரம் போகப் போகக் கூடுவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கை கால் மரத்துப்போவது அல்லது பலமிழப்பது, பேச்சு குழறுவது, எழுப்பினாலும் சரியாக எழும்பாத மயக்கம், ஆளை அடையாளம் தெரியாத குழப்பம், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, மூக்கிலோ காதிலோ தெளிவான நீர் வடிவது. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிதான். சுவ செரிய அம்புலன்ஸ் எண் 1990, கட்டணம் இல்லை. உங்கள் டிவிசனுக்கு (தோட்டப் பிரிவுக்கு) வாகனம் ஏறுவது கஷ்டம் என்றால், ரோட்டுவரை யார் வண்டியில் இறக்குவது என்பதை நல்ல நாளிலேயே பேசிவையுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து குடிப்பவர்கள் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் காட்டிவிடுவது நல்லது.

இந்த அறிகுறிகள் இல்லை, டாக்டரும் பார்த்துவிட்டார் என்றால், முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. அதற்காக இருட்டறையில் கண்ணை மூடிப் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் நடக்கலாம், பேசலாம். போனையும் டீவியையும் குறைத்துக்கொள்ளுங்கள். ‘மண்டையில அடிபட்டவன தூங்க விடாதீங்க’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியவர் தூங்கலாம், தூங்கவும் வேண்டும். முதல் இரவு பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும்.

2 நாளுக்குப் பிறகு மெதுவாக நடக்கத் தொடங்குவது குணமாவதைச் சீக்கிரப்படுத்தும். முன்பெல்லாம் வாரக்கணக்கில் படுக்கச் சொன்னார்கள், இப்போது அப்படிச் சொல்வதில்லை. நடக்கும்போது தலைவலி கொஞ்சம் கூடினால் பயப்பட வேண்டாம். வலிக்கு 10க்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். நடப்பதற்கு முன் இருந்ததைவிட 2 வரை கூடி, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் அது அனுமதிக்கக்கூடிய அளவு. அதற்கு மேல் போனால் நிறுத்திவிட்டு, அடுத்த நாள் இன்னும் குறைவாகத் தொடங்குங்கள்.

‘இன்னொரு அடி விழுந்தா அவ்வளவுதான்’ என்பது எவ்வளவு உண்மை

இந்த வாக்கியத்தை யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லியிருப்பார், அல்லது யூடியூப்பில் பார்த்திருப்பீர்கள். இதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. முதல் அடி ஆறுவதற்கு முன்பே தலையில் இரண்டாவது பலமான அடி விழுந்தால் மூளை வீங்கி உயிராபத்து வரலாம். இது மிக அரிதாக, பெரும்பாலும் இளவயதினருக்கு நடந்திருக்கிறது. ஆகவே அறிகுறிகள் இருக்கும்போது கால்பந்து, கிரிக்கெட், பைக், மரம் ஏறுவது எல்லாம் கூடவே கூடாது. அந்தக் காலத்தில் வரும் பயம் நியாயமான பயம், அதைக் கேளுங்கள்.

முழுமையாகக் குணமான பிறகு கணக்கு வேறு. மூளை அதிர்வு, அதாவது அடிபட்டு மூளையின் வேலை கொஞ்ச நாள் தடுமாறும் நிலை (concussion), வந்தவர்களில் பெரியவர்கள் பெரும்பாலும் 2 வாரத்துக்குள்ளும், பிள்ளைகள் பெரும்பாலும் 4 வாரத்துக்குள்ளும் தேறிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு லயத்து நிலைப்படியில் நெற்றி இடிப்பதோ, குழி ரோட்டில் த்ரீவீல் குலுக்குவதோ, பிள்ளை விளையாட்டாகத் தலையில் தட்டுவதோ மூளை அதிர்வு ஆகிவிடாது. இடித்த இடத்தில் வலிக்கும், அவ்வளவுதான். இடித்ததும் குழப்பம், மயக்கம், கண் மங்கல், குமட்டல் என்று புதிதாக ஏதாவது வந்தால் மட்டுமே அதை அடியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

‘ஸ்கேன் நல்லா இருக்குன்னாங்க, ஆனா எனக்குத் தலை சுத்துதே, எதையோ கவனிக்காம விட்டுட்டாங்களோ’ என்பது அடுத்த பயம். சிடி ஸ்கேன் பார்ப்பது இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும்தான். மூளை அதிர்வில் மூளையின் வேலை கொஞ்ச நாள் தடுமாறுகிறது. அது படத்தில் தெரிவதில்லை. ஸ்கேன் சரியாக இருப்பதும் உங்களுக்குத் தலை சுற்றுவதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். இன்னொரு ஸ்கேனுக்குப் பணம் புரட்டிக் கண்டிக்கு ஓடுவதற்கு முன் டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

இது பயமா, அறிகுறியா?

தலை கனப்பது, நெஞ்சு படபடப்பது, கவனம் சிதறுவது, தூக்கம் கெடுவது, எரிச்சல் வருவது. இவை அத்தனையும் மூளை அதிர்விலும் வரும், பதற்றத்திலும் வரும். இதுதான் பெரிய சிக்கல். படியில் நின்று பயந்தால் மூச்சு வேகமாகும், மூச்சு வேகமானால் தலை லேசாகச் சுற்றும், சுற்றியதும் ‘பார், இன்னும் ஆறவில்லை’ என்று மனம் முடிவு கட்டும். ஒருமுறை திருடன் வந்துபோன வீட்டு நாய் தபால்காரரைக் கண்டாலும் குரைப்பது போலத்தான் இது. நாய் மேல் தப்பில்லை, ஆனால் அது குரைக்கிறது என்பதற்காகத் திருடன் வந்திருக்கிறான் என்று அர்த்தமில்லை.

பிரித்துப் பார்க்க ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். அறிகுறி வந்த நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், மனதில் என்ன ஓடியது, எவ்வளவு நேரம் இருந்தது. நாலே விஷயம், இரண்டு வரியில். ஒரு வாரம் எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரியும். படியைப் பார்த்ததும் வந்து, உட்கார்ந்து மூச்சு வாங்கியதும் போனது என்றால் அது பெரும்பாலும் பதற்றம். போனில் ஒரு மணி நேரம் படித்த பிறகு கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றால் மூளைக்கு இன்னும் கொஞ்சம் ஓய்வு தேவை. படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ சில வினாடி அறை சுழன்று நிற்கிறது என்றால் அது உட்காதின் சமநிலைக் கோளாறாக இருக்கலாம். தலையில் அடிபட்டவர்களுக்கு இது சாதாரணமாக வரும். காது மூக்கு தொண்டை கிளினிக்கிலோ இயன்மருத்துவரிடமோ (பிசியோதெரபி) தலையைச் சில திசைகளில் திருப்பிப் படுக்கவைத்தே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்கள். இதைப் பயம் என்று நினைத்துச் சுமந்துகொண்டே திரிபவர்கள் நிறையப் பேர்.

பனடோலையும் கொப்பியில் குறியுங்கள். மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் வலி மாத்திரை போட்டால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரத் தொடங்கும். தேயிலை விளையும் ஊரில் இருந்துகொண்டு சொல்லக் கூடாததுதான், இருந்தாலும் சொல்கிறேன்: பொழுது சாய்ந்த பிறகு சாயம் இறங்கிய தேத்தண்ணி வேண்டாம். தூக்கம் கெட்டால் அடுத்த நாள் தலைவலியும் பயமும் சேர்ந்தே வரும்.

உண்மையான ஆபத்தைக் குறைப்பது

பயத்தோடு பேசுவதற்கு முன், பயம் சொல்வதில் சரியானதைச் செய்துவிடுங்கள். அடி தேய்ந்த ரப்பர் செருப்போடு பாசிக் கல்லில் இறங்குகிறவருக்குப் பயம் வருவது நோயில்லை, புத்தி. பல் உள்ள அடியோடு காலைப் பிடித்து நிற்கும் சப்பாத்து வாங்குங்கள். வாசல் படியில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துப் பாசியை எடுங்கள். ஒரு பக்கம் மூங்கிலோ குழாயோ கட்டிக் கைப்பிடி வையுங்கள். பக்கத்து வீட்டாரும் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். இருட்டில் டோர்ச் இல்லாமல் குறுக்குப் பாதையில் இறங்க வேண்டாம். கண்ணில் மங்கல் இருந்தால் கண்ணாடிக்குக் காட்டுங்கள். பைக்கில் போனால் ஹெல்மட்டின் நாடிப் பட்டியைப் பூட்டுங்கள். ஹெல்மட் மண்டை உடைவதைத் தடுக்கும், அதிர்வை முழுதாகத் தடுக்காது. குணமாகும்வரை சாராயம் வேண்டாம். குணமான பிறகும், மழை நாளில் குடித்துவிட்டுப் படி இறங்குவதைவிடப் பெரிய ஆபத்து இந்தப் பட்டியலில் இல்லை.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சுவதுதான் நாம் இறக்க வேண்டிய பயம்.

ஏணி போட்டு ஏறுவது

கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மழை விட்ட ஒரு காலையில் ரோட்டுக்கு இறங்கும் கல்படியில் சறுக்கிப் பின்மண்டை அடிபட்டது. மூன்று வாரத்தில் தலைவலி போய்விட்டது. ஆனால் அந்தப் படிப் பக்கம் போகவே இல்லை. கடைக்கு மகன் போகிறான், கிளினிக்குக்குப் போகும் நாளில் புருஷன் கையைப் பிடித்து மேல் ரோட்டால் சுற்றிக் கூட்டிப்போகிறார். ஒவ்வொரு தடவை சுற்றிப் போகும்போதும் மனதுக்கு அப்போதைக்கு நிம்மதி. கூடவே, ‘சுற்றிப் போனதால்தான் தப்பித்தேன்’ என்றும் மனம் படித்துக்கொள்கிறது. பயத்தை வளர்ப்பது இந்த நிம்மதிதான்.

அவர் செய்ய வேண்டியது இது. பயப்படும் காரியங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை பயத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். அவருடைய தாள் இப்படி இருக்கலாம்:

வெயில் நேரத்தில் படியின் மேல்முனையில் நின்று கீழே பார்ப்பது – 3
புருஷன் ஒரு படி முன்னால் போக, கைப்பிடியைப் பிடித்துப் பாதிவரை இறங்கி ஏறுவது – 4
அதே படி முழுவதும், தனியாக, கையில் எதுவும் இல்லாமல் – 6
கடைப் பையோடு ஏறி வருவது – 7
தூறல் விட்ட பிறகு, நல்ல சப்பாத்தோடு – 8
மலையில் தேயிலை நிரைக்குள் (வரிசைக்குள்) நின்று ஒரு மணி நேரம் பறிப்பது – 8
ஈரத்தில் குறுக்குப் பாதையால் பிரட்டுக்குப் போவது – 9

3 அல்லது 4 உள்ளதில் தொடங்குங்கள். அங்கே போய் நில்லுங்கள், பயம் வரும், வரட்டும். அது உச்சிக்குப் போய்த் தானாக இறங்குவதைப் பார்க்கும்வரை நிற்பதுதான் வேலை. உச்சத்தில் திரும்பி ஓடிவந்தால் ஓட்டம்தான் காப்பாற்றியது என்று ஆகிவிடும். முடிந்தால் தினமும், குறைந்தது வாரத்தில் பெரும்பாலான நாட்கள் அதையே செய்யுங்கள். ‘இதிலென்ன இருக்கு’ என்று சலிப்புத் தட்டினால் அடுத்த படிக்கு நேரம் வந்துவிட்டது.

போகும் முன் கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள்: என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்? ‘நாலாவது கல்லில் தலை சுற்றி விழுந்துவிடுவேன்.’ வந்த பிறகு, என்ன நடந்தது? ‘நாலாவது கல்லில் நெஞ்சு அடித்தது, விழவில்லை, ஆறாவது கல்லில் கொஞ்சம் குறைந்தது.’ இந்த இரண்டு வரிகள் யாருடைய ஆறுதலைவிடவும் வேலை செய்யும்.

சின்னச் சின்னத் தந்திரங்களைக் கவனியுங்கள். கைப்பிடியைப் பிடிப்பது நல்ல பழக்கம், அது இருக்கட்டும். ஆனால் கழுத்தை விறைத்துக்கொண்டு, கண்ணைப் பாதத்தைவிட்டு எடுக்காமல், ஒவ்வொரு கல்லிலும் நின்று ‘தலை சுத்துதா’ என்று சோதித்துச் சோதித்து இறங்குவது சமநிலையைத்தான் கெடுக்கும். இரண்டு மூன்று படி முன்னால் பாருங்கள், தோளைத் தளர்த்துங்கள். கோயிலில் மந்திரித்த கயிறு கட்டியிருந்தால் கட்டியே இருங்கள், மனதுக்குத் தைரியம். கயிறு கட்டியவரும் படியில் இறங்கித்தான் பழக வேண்டும்.

பயம் உச்சிக்கு ஏறும் அந்த நிமிடத்தில்

நில்லுங்கள் அல்லது உட்காருங்கள். மூச்சை 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கள், வெளிவிடுவது நீளமாக இருக்கட்டும். பாதம் கல்லில் அழுந்துவதைக் கவனியுங்கள். ஒருசில நிமிடத்தில் அலை இறங்கும். இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

தலை எங்காவது லேசாக இடித்துவிட்டால் ஒரு நிலையான வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: 10 நிமிடம் உட்கார்ந்து, மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகளும் புதிய மயக்கமும் குழப்பமும் குமட்டலும் இல்லையா என்று ஒரே ஒரு தடவை பார்த்து, இல்லையென்றால் எழுந்து வேலையைத் தொடருவது. அஞ்சு பேரிடம் ‘என் கண்ணைப் பாரு’ என்று கேட்பது வேண்டாம். புதிதாக ஏதாவது அறிகுறி இருந்தால், அல்லது பிறகு வந்தால், கடைசிப் பகுதியில் இருப்பதைச் செய்யுங்கள்.

மலைக்குத் திரும்புவது

இங்கே ஒரு தனி விஷயம் இருக்கிறது. கயிற்றைத் தலையில் மாட்டிக் கூடையை முதுகில் தொங்கவிடுவது, விறகுக் கட்டைத் தலையில் தூக்குவது இரண்டும் கழுத்தில்தான் வந்து விழுகின்றன. மண்டையில் அடிபடும்போது கழுத்தும் அடிபட்டிருக்கலாம். கழுத்து வலியிலிருந்து வரும் தலைவலியும் கிறுகிறுப்பும் மூளைக்கு மறுபடி ஏதோ ஆகிவிட்டது என்று பயமுறுத்தும். கழுத்து முழுதாகத் திரும்பும்வரை தலையில் பாரம் வேண்டாம். முதல் நாட்களில் தோளில் மாட்டும் பை, பாதி நிறை, சரிவு குறைந்த மலை, காலை நேரம் மட்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

வாயால் கேட்டால் வேலையைக் கவனிக்கும் கங்காணிக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். டாக்டரிடம் ‘இலகு வேலை’ என்று எழுதி வாங்கி ஒபிசில் கொடுங்கள். வேலை நேரத்தில் விழுந்திருந்தால் அன்றைக்கே பதியச் சொல்லுங்கள். வேலையில் ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது, பதிவு இல்லாமல் அது உதவாது. தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

பிள்ளைகளும் விளையாட்டும்

முதலில் பாடசாலை, பிறகுதான் மைதானம். அரை நாள் வகுப்பு, இடையிடையே ஓய்வு, பலகையில் எழுதுவதைக் கொப்பி பண்ண ஒரு நண்பன் என்று வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் பிள்ளைக்குப் ‘படிப்பில் பின்தங்கிவிட்டேன்’ என்ற பயம் அடிபட்ட பயத்தைவிடப் பெரிதாக இருக்கும், அதையும் கேளுங்கள்.

விளையாட்டுக்குத் திரும்ப உலகம் முழுக்கப் பின்பற்றும் 6 நிலைகள் இருக்கின்றன: அன்றாட நடமாட்டம், பிறகு வேக நடை அல்லது மெல்லோட்டம், பிறகு தனியாகப் பந்துப் பயிற்சி, பிறகு மோதல் இல்லாத குழுப் பயிற்சி, பிறகு முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது 24 மணி நேரம். நாலாவது நிலைக்குப் போகுமுன் அறிகுறி எல்லாம் போயிருக்க வேண்டும், டாக்டரும் சரி என்றிருக்க வேண்டும். பயந்த பிள்ளைக்கு ஒவ்வொரு நிலையிலும் இன்னும் சில நாள் கூடுதலாகக் கொடுங்கள். கால்பந்தில் தலையால் முட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். தோட்டங்களுக்கு இடையிலான ஆட்டத்துக்கு ஆள் பத்தவில்லை என்று பிள்ளையை முந்தி இறக்கும் அண்ணன்மாருக்கு நேராக ‘இல்லை’ என்று சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அன்பாகத்தான் தடுப்பீர்கள், தெரியும். ‘வேணாம் புள்ள, மழ தூறுது, நீ விழுந்துருவ’ என்று மாமியார் சொல்ல, மருமகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவாள். அதே மாமியார், ‘இன்னிக்கு எத்தனாவது படி? சப்பாத்து போட்டுட்டுப் போ, நான் வாசல்ல நிக்கிறேன்’ என்றால் காரியம் வேறு மாதிரி போகும். சில நாள் கழித்து வாசலில் நிற்பதையும் விட்டுவிடுங்கள். ‘எல்லாம் உன் மனசுதான், சும்மா நடிக்காத’ என்ற பேச்சு மட்டும் வேண்டவே வேண்டாம். அடிபட்டவர் அறிகுறியையே மறைக்கத் தொடங்கிவிடுவார்.

எப்போது உதவி தேட வேண்டும்

4 வாரம் தாண்டியும் அறிகுறி குறையவில்லை என்றால் மறுபடி டாக்டரிடம் போங்கள். விழுந்த காட்சி கனவிலும் விழிப்பிலும் திரும்பத் திரும்ப வருகிறது, ஏணியின் முதல் படியிலேயே வாரக்கணக்கில் நிற்கிறீர்கள், பயத்தை அடக்கக் குடிக்கிறீர்கள், வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது; இவற்றில் ஒன்று இருந்தாலும் தனியாகச் சமாளிக்க வேண்டாம். தோட்டத்து வைத்திய உதவியாளரிடம் சொல்லி நுவரெலியா, டிக்கோயா, பதுளை, கண்டி என்று உங்களுக்குக் கிட்டிய அரச ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்குக்குக் கடிதம் வாங்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண் 1926. சிந்தனையையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றும் பேச்சுச் சிகிச்சை இந்தப் பயத்துக்கு நன்றாகப் பலன் தரும். மற்றவருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை எடுத்துப் போடாதீர்கள்.

உண்மையிலேயே மறுபடி அடிபட்டால்

இதற்கும் ஒரு திட்டம் எழுதி சுவரில் ஒட்டிவையுங்கள். திட்டம் இருப்பதாலேயே பயம் கொஞ்சம் இறங்கும். அடிபட்டு அறிகுறி ஏதாவது வந்தால் அந்த இடத்திலேயே வேலையை, ஆட்டத்தை நிறுத்துவது. தனியாக வீட்டுக்கு நடக்காமல் ஒருவரைக் கூட வைத்துக்கொள்வது. ஆபத்து அறிகுறி இருந்தால் 1990. இல்லையென்றாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டி, முன்பு எப்போது அடிபட்டது என்பதையும் சொல்வது. கொப்பியையும் கையோடு எடுத்துப்போங்கள், அவருக்கு உதவும். பிறகு 24 முதல் 48 மணி நேர ஓய்வு, அதன்பின் மெல்லிய நடை, ஏணியில் இரண்டு மூன்று படி கீழே இறங்கி அங்கிருந்து மறுபடி. முன்பு ஏறிய படிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான், இந்தத் தடவை பெரும்பாலும் முன்பைவிடச் சீக்கிரம் ஏறிவிடுவீர்கள். சில மாதத்துக்குள் இரண்டு தடவை அடிபட்டிருந்தால் மட்டும், மோதல் விளையாட்டுக்கும் உயரத்தில் ஏறும் வேலைக்கும் திரும்புவதை நீங்களே முடிவு செய்யாமல் டாக்டர் சொல்வதுவரை தள்ளிவையுங்கள்.